யார் கையெழுத்திடுவது? முதிய பால்புதுமையினரின் பராமரிப்பும் சட்டம் ஏற்கும் உறவும்

1. சிக்கல் எங்கே இருக்கிறது

முதியவர் ஒருவரை மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கும்போது, நோயைப் பற்றிய கேள்விகளோடு தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "கூட யார் இருக்கீங்க? அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?" மகன், மகள், கணவர், மனைவி, தம்பி என்ற விடைகளுள் ஒன்று வந்தால் அட்டெண்டர் பாஸ் கிடைக்கும், ஒப்புதல் படிவம் நீட்டப்படும், மருத்துவர் நிலைமையை விளக்குவார். பல ஆண்டுகள் ஒரே வீட்டில் இணைந்து வாழ்ந்த தோழி என்றோ, திருநங்கையரின் ஜமாத்தில் மகளாக ஏற்கப்பட்டவர் என்றோ விடை வந்தால், "சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடக்கூடும்.

தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநங்கையர், திருநம்பியர் ஆகிய பால்புதுமையினரின் முதுமையைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் மனப்பான்மையைச் சுற்றியே நடக்கிறது. மருத்துவரும் செவிலியரும் இழிவாக நடத்துகிறார்கள், ஆகவே பயிற்சி தர வேண்டும் என்பது அதன் சாரம். இது பாதி உண்மைதான். இந்திய முதியோர் பராமரிப்பு முழுவதும், உறவு என்பது பிறப்பாலோ திருமணத்தாலோ மட்டுமே அமையும் என்ற ஊகத்தின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. அந்த ஊகம் நீடிக்கும்வரை, பரிவுள்ள செவிலியராலும் அதிகம் செய்ய இயலாது. தன்னைக் கவனிப்பவர் யார், தனக்காக முடிவெடுப்பவர் யார் என்பதை முதியவரே எழுதி நியமிக்கும் உரிமையை மருத்துவத்துக்கும் சமூகப் பராமரிப்புக்கும் பொதுவாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கான முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை; இந்தியச் சட்டத்திலேயே அது இருக்கிறது.

2. குற்றமாகக் கருதப்பட்ட வாழ்க்கையின் பிற்பகுதி

1862 முதல் நடைமுறையிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 1950இல் பிறந்த ஒருவருக்கு அன்று வயது 68. அவருடைய இளமை, வேலை, ஓய்வு அனைத்தும் அந்தப் பிரிவின் நிழலில் கழிந்துவிட்டன. 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் தந்த விடுதலையை 2013இல் உச்ச நீதிமன்றமே திரும்பப் பெற்றதையும் அவர் பார்த்திருக்கிறார். சட்டம் மாறியது என்ற செய்தியை இளைஞர் நம்புவதுபோல் அவர் நம்புவார் என எதிர்பார்க்க முடியாது. வாழ்நாள் முழுதும் பாதுகாப்புத் தந்தது மௌனம்தான். மருத்துவரிடமும் அந்த மௌனமே தொடர்கிறது.

இந்தத் தலைமுறையில் பலர் குடும்பத்தின் வற்புறுத்தலால் எதிர்பாலினத்தவரை மணந்தவர்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இவர்களுக்குப் பராமரிப்புக் குறையே இல்லை. ஆனால் அந்தப் பராமரிப்புக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: எதையும் வெளியே சொல்லக் கூடாது. மறதிநோய் வரும்போது இந்த நிபந்தனை உடைகிறது. எதை மறைக்க வேண்டும் என்ற காவல் தளர்ந்து, காதலித்தவரின் பெயர் வாயில் வந்துவிடுகிறது. மறதிநோய்ப் பராமரிப்பில் இருப்போர் இதை எதிர்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்டுவரும் கருத்து. பெர்லினில் 2012இல் தொடங்கப்பட்ட 'லேபன்சோர்ட் ஃபீல்ஃபால்ட்' என்னும் பல தலைமுறைக் குடியிருப்பில், மறதிநோயும் பராமரிப்புத் தேவையும் உள்ள தன்பாலீர்ப்பு ஆண்களுக்கென்றே ஒரு கூட்டு இல்லம் அமைக்கப்பட்டது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

முதியவர்களின் அச்சம் ஆதாரமற்றதும் அல்ல. இன்று மூத்த நிலையில் இருக்கும் மருத்துவர்கள், தன்பாலுறவைக் குற்றமாகவும் பிறழ்வாகவும் விவரித்த தடயவியல், மனநலப் பாடநூல்களைப் படித்துத் தேறியவர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் பிறப்பித்த ஆணைக்குப் பிறகே, தேசிய மருத்துவ ஆணையம் அப்பாடங்களைத் திருத்துமாறு அறிவுறுத்தியது. பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சையைத் தொழில்முறைத் தவறாகவும் அறிவித்தது. ஆயினும் 2024 ஆகஸ்ட் இறுதியில் வெளியான புதிய பாடத்திட்ட வழிகாட்டுதலில் பழைய குற்றப் பட்டியல் மீண்டும் இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. பயிற்சியை மட்டும் நம்பியிருக்கும் சீர்திருத்தம் எவ்வளவு எளிதில் பின்னோக்கிப் போகும் என்பதற்கு இந்த ஒரு நிகழ்வு போதும்.

3. உடலும் வார்டும்

மருத்துவத் தேவைகளைப் பொதுமையில் கரைத்துவிட முடியாது. திருநங்கையருள் மூத்த தலைமுறையினர் பலர் மருத்துவமனைக்கு வெளியே, தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கையின் கையால் நிர்வாணம் என்னும் ஆணுறுப்பு நீக்கம் செய்துகொண்டவர்கள். சிறுநீர்ப் பாதை குறுகுதல், மீண்டும் மீண்டும் வரும் தொற்று ஆகியவை அதன் நெடுநாள் விளைவுகள். விதைப்பைகள் அகற்றப்பட்டு, மாற்று ஹார்மோனும் முறையாகக் கிடைக்காவிட்டால் எலும்பு அடர்த்தி குறைகிறது; வயதான காலத்தில் ஒரு சறுக்கல் இடுப்பெலும்பு முறிவில் முடிகிறது. மருத்துவ மேற்பார்வையின்றிப் பல ஆண்டுகள் எடுத்த ஹார்மோன் மாத்திரைகள் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் திருநங்கையின் உடலில் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. திருநம்பிக்குக் கருப்பை வாய் இருக்கக்கூடும். பதிவேட்டில் 'பெண்' என்றிருப்பவருக்குப் புராஸ்டேட் பரிசோதனையும், 'ஆண்' என்றிருப்பவருக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையும் யாருக்கும் தோன்றாமல் போவது, தீய நோக்கம் இல்லாமலே நிகழும் புறக்கணிப்பு.

எச்.ஐ.வி.யும் இப்போது முதுமையின் நோயாகிவிட்டது. இந்தியாவில் முதல் தொற்றுகள் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டன. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதல் மையங்களுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. அன்று நாற்பதுகளில் சிகிச்சை தொடங்கியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு எல்லாவற்றையும் கூட்டு மருந்தோடு இணைத்துப் பார்க்கும் முதியோர் மருத்துவம் தேவை. நடைமுறையில் எச்.ஐ.வி. மையம் ஒரு கட்டடத்திலும் முதியோர் பிரிவு வேறொரு கட்டடத்திலும் இருக்கின்றன. ஓ.பி. சீட்டில் 'ஆண்', 'பெண்' என்பதற்குமேல் எதுவும் பதியாத இடத்தில், எந்த வார்டில் படுக்கை என்ற கேள்விக்கே நேரம் போய்விடுகிறது.

இவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரியாத நிலையில்தான் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் சுமார் 10.4 கோடி. ஆண், பெண் அல்லாத பிரிவில் பதிவானோர் ஏறத்தாழ 4.88 லட்சம், தமிழ்நாட்டில் 22,364. தன்பாலீர்ப்பாளரை எண்ணும் ஏற்பாடே அதில் இல்லை.

4. முதியோர் சட்டம் யாரை உறவென்கிறது

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் முதியோர் பராமரிப்பின் முதுகெலும்பு. அதன்படி 'பிள்ளைகள்' என்போர் மகன், மகள், பேரன், பேத்தி. பிள்ளையில்லாதவருக்கு 'உறவினர்' என்போர், அவருடைய சொத்தைக் கையில் வைத்திருக்கும் அல்லது பின்னர் அடையக்கூடிய சட்டப்படியான வாரிசுகள். 2019இல் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா மருமகனையும் மருமகளையும் சேர்க்க முனைந்தது, அது சட்டமாகவில்லை. ஆகியிருந்தாலும் வட்டம் இரத்தத்தையும் திருமணத்தையும் தாண்டியிருக்காது. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் தன்பாலின இணையரின் திருமண உரிமையை ஏற்க மறுத்ததால், இவ்வட்டத்துக்குள் நுழையத் திருமணம் என்ற வழியும் அடைபட்டது.

திருநங்கையருக்குச் சட்டத்துக்கு வெளியே ஓர் உறவுமுறை நெடுங்காலமாக இருக்கிறது. ரீத்து என்னும் சேர்ப்புச் சடங்கு செய்து ஜமாத்தில் சேர்ந்தவருக்குக் குரு தாயாகிறார், குருவின் குரு நானியாகிறார், சேலாக்கள் என்னும் சீடர்கள் மகள்களாகிறார்கள். இளமையில் மகளின் வருமானத்தில் பங்கு குருவுக்கு. முதுமையில் குருவைக் கவனிப்பதும் இறுதிச் சடங்கு செய்வதும் மகளின் கடமை. இதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. கடன், தண்டம், மூத்தோர் அதிகாரம் எல்லாம் இதிலும் உண்டு; ஜமாத்தைவிட்டு விலகியவருக்கு முதுமையில் யாரும் இல்லாமல் போவதும் உண்டு. ஆயினும் பராமரிப்பு என்ற கடமையை எழுதாத ஒப்பந்தமாக நிறைவேற்றிவரும் அமைப்பு இது. சட்டம் இதைக் காண்பதில்லை. மகளாக ஏற்கப்பட்டவர்மேல் முதிய குரு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் தீர்ப்பாயத்தில் பராமரிப்புக் கோர முடியாது. அந்த மகளும் மருத்துவமனையில் மகளாக நிற்க முடியாது.

திருநர் நலத்துக்கென வந்த சட்டதிட்டங்களும் முதுமையை மறந்தே நிற்கின்றன. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவம் பற்றிய 15ஆம் பிரிவில் எச்.ஐ.வி. கண்காணிப்பு, பாலின மாற்று அறுவை, ஆலோசனை, காப்பீடு ஆகியவற்றைச் சொல்கிறது. முதியோர் பராமரிப்பைச் சொல்லவில்லை. ஒன்றிய அரசின் 'கரிமா கிரஹ' தங்குமிடங்கள் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கானவை. அறுபதில் ஒருவர் மூத்த குடிமகனாகிறார். அதே அறுபதில் திருநருக்கான தங்குமிடத்தின் கதவு மூடுகிறது. பொது முதியோர் இல்லத்திலோ ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்ற பிரிவினை காத்திருக்கிறது.

தமிழ்நாட்டின் வரலாறு சற்று வேறுபட்டது. 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அரசு மருத்துவமனைகளில் பாலின மாற்று அறுவைச் சிகிச்சையை இலவசமாக்கியது. 40 வயதைக் கடந்த ஆதரவற்ற திருநங்கையருக்கு ஓய்வூதியம் வழங்குகிறது. மாதம் 1,000 ரூபாயாக இருந்த அது 1,500 ரூபாயாக உயர்ந்தது. இங்கே தொகையைவிட வயது வரம்பே முக்கியம். சமூகப் புறக்கணிப்பு உடலை முன்கூட்டியே முதுமையாக்குகிறது என்பதைக் கொள்கை அளவில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. ஆனால் அந்த ஒப்புதல் ஓய்வூதியத்தோடு நின்றுவிட்டது. முதியோர் மருத்துவத்துக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போய்ச் சேரவில்லை. திருநங்கையர் அல்லாத பிற பால்புதுமையினருக்கு அதுவும் இல்லை.

5. நியமனம் என்னும் வழி

நோயாளி சுயநினைவோடு இருக்கும்வரை, அவருடைய ஒப்புதலே ஒப்புதல். மயக்கத்தில் இருந்த நோயாளிக்காகத் தாயிடம் பெற்ற கையெழுத்தை, சமீரா கோஹ்லி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்தவர் நினைவு திரும்பிச் சொல்லும் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும் என்றது. உறவினர் கையெழுத்தை வற்புறுத்துவது பெரும்பாலும் மருத்துவமனைப் பழக்கம்தான். உண்மையான சிக்கல் நினைவு தவறிய பிறகு தொடங்குகிறது. இணையருக்கு முன்கூட்டியே அதிகாரப் பத்திரம் எழுதித் தந்தால் போதாதா என்று கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, எழுதித் தந்தவர் மனத்திறன் இழந்தால் முகமை முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக எழுதப்பட்டதோ அந்த நாளில் அது செல்லாது. கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளரை நியமிக்கக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வகுத்த நெறிமுறையோ வாழ்க்கைத்துணையையும் பிள்ளைகளையும் முன்னிறுத்தி, அத்தகையோர் இல்லாதபோது சமூக நலத்துறை அதிகாரி போன்ற அரசு அலுவலரைச் சொல்கிறது. முன்பின் தெரியாத அலுவலருக்கு உள்ள இடம் முப்பதாண்டு இணையருக்கு இல்லை.

இதற்கு நேர்மாறானது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன் 14ஆம் பிரிவின்படி, வயதுவந்த எவரும் தமக்கென ஒரு நியமனப் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டோ, பெருவிரல் ரேகை வைத்தோ அமர்த்தலாம். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. நியமனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 'பராமரிப்பாளர்' என்பதற்குக் கூட வசித்துக் கவனிக்கும் எவரும் என்று விரிந்த பொருள் தரப்பட்டுள்ளது. 18ஆம் பிரிவு பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாதென வெளிப்படையாகச் சொல்கிறது. ஆக, மனச்சோர்வுக்காகச் சேர்க்கப்படும் முதிய பெண் தன் துணைவியைப் பிரதிநிதியாக அமர்த்தலாம். அவரே பக்கவாதத்தில் நினைவிழந்து சேர்க்கப்பட்டால் அந்தத் துணைவி அந்நியர். ஒரே உடல், ஒரே உறவு. நோயின் பெயர் மாறியதும் உரிமை மாறுகிறது. இந்த முரணுக்கு எந்த நியாயமும் இல்லை.

உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவது பற்றிய முன்கூட்டிய மருத்துவ ஆணையும் இத்திசையில் ஓரடி. 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற இதனை, 2023 ஜனவரியில் நோட்டரி அல்லது கெசட்டட் அலுவலர் முன்னிலையில் முடிக்கலாம் என எளிமையாக்கியது. காப்பாளர் என்ற பெயரில் நம்பிக்கைக்குரியவரைக் குறிப்பிட அதில் இடமுண்டு. ஆனால் அது சாவின் விளிம்புக்கு மட்டுமே உரியது. இடுப்பெலும்பு அறுவைக்கு உதவாது.

சுப்ரியோ தீர்ப்புக்குப் பின் அமைந்த குழுவின் தொடர்ச்சியாக, இணையரை ஒரே குடும்ப அட்டையில் சேர்க்கலாம், கூட்டு வங்கிக் கணக்குக்கும் நியமனதாரராக்கவும் தடையில்லை என 2024இல் ஒன்றிய அரசு தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையர் உடலைப் பெறலாம் என்றது. 'இல்லாதபோது' என்ற அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வீட்டைவிட்டு விரட்டிய அண்ணன் உயிரோடிருந்தால், கடைசிவரை பார்த்துக்கொண்டவர் பிணவறை வாசலிலும் இரண்டாம் இடத்தில்தான்.

திருமணத்தை ஏற்காமலே இவ்வரிசையை மாற்ற முடியுமா? அமெரிக்க அனுபவம் முடியும் என்கிறது. 2007இல் மயாமி நகர மருத்துவமனை ஒன்றில், இறக்கும் நிலையிலிருந்த பெண்ணைக் காண அவருடைய இணையரும் பிள்ளைகளும் பல மணி நேரம் அனுமதிக்கப்படவில்லை. இணையர் தொடுத்த வழக்கு நீதிமன்றத்தில் தோற்றது. ஆனால் 2010 ஏப்ரலில் அதிபர் ஒபாமா பிறப்பித்த குறிப்பாணையும் அதையொட்டி 2011இல் நடைமுறைக்கு வந்த விதியும், அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனைகள் நோயாளி குறிப்பிடும் எவரையும் பார்வையாளராக ஏற்க வேண்டும் என்றன. தன்பாலினத் திருமணம் நாடு முழுவதும் ஏற்கப்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 2015இல்தான். 'இவர் உனக்கு என்ன முறை' என்று கேட்பதை விட்டு, 'நீ யாரைச் சொல்கிறாய்' என்று நோயாளியைக் கேட்டதே அந்த விதியின் திருப்பம்.

சென்னை உயர் நீதிமன்றமும் இதையே நெருங்கியிருக்கிறது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணைந்து வாழ்வோர் குடும்பப் பிணைப்புப் பத்திரம் ஒன்றைப் பதிவுசெய்யும் வழியைப் பரிசீலிக்குமாறு மாநில அரசைக் கேட்டுக்கொண்டார். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, குடும்பம் அமையத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றும், தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து நீதிநெறியில் இடம்பெற்றுவிட்டது என்றும் கூறியது. கருத்து வந்துவிட்டது, படிவம்தான் வரவில்லை.

6. மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: நம் குடும்பங்கள் முதியோரைக் கவனிப்பவை, நியமனம் என்பது மேற்கிலிருந்து வந்த தனிநபர்வாதம். குடும்பம் எப்போதும் கவனித்துக்கொள்ளும் என்றால் பிள்ளைகளைத் தீர்ப்பாயத்துக்கு அழைக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டமே தேவைப்பட்டிருக்காது. மேலும் நியமனத்தால் குடும்பத்துக்கு இழப்பில்லை. மகனை நம்பும் தாய் மகனையே நியமிப்பார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தங்கையின் பொறுப்பில் வாழும் கைம்பெண்ணுக்கும், மணம் புரியாத ஆசிரியைக்கும் இது பயன்படும்.

இரண்டாம் மறுப்பு: நியமிக்கப்பட்டவர் சொத்துக்காக ஏமாற்றலாம். ஏமாற்று இரத்த உறவிலும் நடக்கிறது. மனநலச் சட்டம் பிரதிநிதியை மாற்றவும் அச்சட்டப்படி அமைந்த வாரியத்தில் முறையிடவும் வழி வைத்திருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவோ, பராமரிப்பு நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் அதை மீறினால் அம்மாற்றத்தைச் செல்லாததாக்கலாம் என்கிறது. அங்கே சொத்தைப் பெற்றவர் பிள்ளையாகவோ உறவினராகவோ இருக்க வேண்டுமென்ற வரம்பு இல்லை. தன் வீட்டைச் சேலாவுக்கு எழுதித் தரும் முதிய திருநங்கை, பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் அவருக்கும் இப்பாதுகாப்பு உண்டு. பத்திர எழுத்தர்களும் சட்ட உதவி மையங்களும் இதை முதலில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் மறுப்பு நட்பின் பக்கமிருந்து வருகிறது: இவர்களுக்கெனத் தனி முதியோர் இல்லங்கள் கட்டுவதே பாதுகாப்பு. பெர்லின் போன்ற நகரில் அது பொருந்தலாம். விழுப்புரத்திலோ ராமநாதபுரத்திலோ தன்னை வெளிப்படுத்தாமல் வாழ்ந்த முதியவர் தனி இல்லத்தின் வாசலை மிதிக்க மாட்டார், மிதிப்பதே வெளிப்படுத்தலாகிவிடும். நெதர்லாந்தில் வழக்கத்திலுள்ள வழி வேறு: பொது இல்லங்கள் தங்கள் நடைமுறையைத் தணிக்கைக்கு உட்படுத்தி 'ரோஸ லோப்பர்' என்னும் சான்றைப் பெறுகின்றன. பொது வார்டையும் பொது இல்லத்தையும் மாற்றுவதே பெரும்பான்மையினரை எட்டும்.

7. முடிவும் பரிந்துரையும்

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, மனநலச் சட்டத்தின் நியமனப் பிரதிநிதி ஏற்பாட்டை எல்லா நோய்களுக்கும் விரிக்க வேண்டும். ஒன்றியச் சட்டம் வரும்வரை, தமிழ்நாட்டு அரசு தன் மருத்துவமனைகளின் சேர்க்கைப் படிவத்தில் 'நோயாளி நியமிப்பவர்' என்ற கட்டத்தை அரசாணை மூலம் சேர்த்து, பார்வையாளர் அனுமதிக்கும் நிலைமை விளக்கத்துக்கும் அதையே அடிப்படையாக்கலாம். இரண்டாவது, நியமிக்கப்பட்டவர் இருக்கும்போது உடலைப் பெறும் முதல் உரிமை அவருடையதாக வேண்டும். மூன்றாவது, தங்குமிடத் திட்டங்களின் 60 வயது வரம்பை நீக்கி, முதியோர் இல்லங்களின் அனுமதி விதிகளில் பாலினமும் பாலீர்ப்பும் தடையாகாது என எழுத வேண்டும். நான்காவது, முதியோர் மருத்துவப் பட்டமேற்படிப்பில் இவ்வுடல்களின் தேவைகள் பாடமாக வேண்டும்.

இதைத் தொடங்கும் பொறுப்பு சென்னைக்கு உண்டு. இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவப் பிரிவு 1978இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான் உருவானது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. முதியோர் மருத்துவத்தில் முன்னோடியான நகரத்துக்கு, சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்ப்பது பெரிய செலவல்ல. 377இன் காலத்தில் வளர்ந்து இன்று எழுபதைக் கடந்தவர்களுக்குக் காத்திருக்க ஆண்டுகள் அதிகம் இல்லை. சட்டத் திருத்தத்துக்கு முன்பே அரசாணை வர வேண்டும்.